குறைந்த பணத்தில் பேக்பேக்கோடு சுற்ற ஐரோப்பாவில் எந்தக் குட்டி நாடு சரி?

லக்சம்பர்க். சிரிக்காதீர்கள். தனிநபர் வருமானத்தில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் நாடுதான், ஒரு காபி குடித்தாலே தெரிந்துவிடும். ஆனாலும் கையைக் கடிக்காமல் சுற்றிவிட்டு வந்தேன்.

2020 பிப்ரவரி கடைசியிலிருந்து அங்கே பஸ், ரயில், டிராம் எல்லாம் இலவசம், நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கும்தான். பாஸ், பதிவு எதுவும் வேண்டாம்; ஏறி உட்கார வேண்டியதுதான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. நாடே வடக்கு தெற்காக 82 கிலோமீட்டர் என்பதால், ஒரே ஊரில் பையைப் போட்டுவிட்டு எங்கே போனாலும் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

மிச்சச் செலவு படுக்கையும் சாப்பாடும். படுக்கையைத் தலைநகரில் தேடாதீர்கள். வங்கி, ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம் என்று வருகிறவர்களால் வார நாட்களில் ஹோட்டல் வாடகை எகிறும். நான் ஜெர்மனி எல்லையில் இருக்கும் எக்டர்நாக்கில், ஏரிக்கரை யூத் ஹாஸ்டலில் பொது அறையில் தங்கினேன். பக்கத்துக் கட்டில் குறட்டை இலவச இணைப்பு.

அந்த ஊரைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் முல்லர்தால் என்ற காட்டு நடைபாதை. மொத்தம் 112 கிலோமீட்டர், மூன்று வளையங்கள். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. எக்டர்நாக்கிலிருந்து பெர்டார்ஃப் வரை போனாலே போதும். மணற்பாறை இரண்டாகப் பிளந்து நடுவில் படிக்கட்டு இறங்கும், இரண்டு பக்கமும் பாசி படர்ந்த சுவர். சில இடுக்குகளில் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைய முடியும். ஹோலாய் குகையில் ஒரு காலத்தில் மாவு அரைக்கும் ஆலைக்கற்கள் வெட்டியிருக்கிறார்கள். அந்த வட்ட வட்டமான தடங்கள் இன்னும் பாறையில் இருக்கின்றன. கால் வலித்தால் பெர்டார்ஃபில் பஸ் ஏறித் திரும்பிவிடலாம், அதற்கும் காசில்லை. காட்டில் கூடாரம் அடிப்பது மட்டும் சட்டப்படி கூடாது.

தலைநகருக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். பள்ளத்தாக்கில் இறங்கும் கண்ணாடி லிஃப்ட், எதிர்ப்பக்க மலையேறும் ஃபுனிகுலர் (கம்பி இழுக்கும் சரிவு ரயில்) இரண்டுமே இலவசம். வடகிழக்கில் இருக்கும் வியான்டன் ஊரின் கோட்டைக்கு உள்ளே போகக் கட்டணம் உண்டு. என்னைக் கேட்டால் ஆற்றுப் பாலத்திலிருந்து பார்ப்பதே அழகு.

சாப்பாட்டுக்கு சூப்பர்மார்க்கெட் ரொட்டி, சீஸ், பழம். குடிக்கக் குழாய்த் தண்ணீர். ஓட்டல் ஆசை வந்தால் மதியத்தில் போங்கள், ‘பிளா து ஜூர்’ என்று அன்றைய சாப்பாட்டை மலிவாகத் தருவார்கள். மளிகை ஜெர்மனியில் இன்னும் மலிவு. எல்லையில் இருக்கும் வாஸர்பில்லிக் ஸ்டேஷன் வரை காசில்லாமல் போய், அங்கிருந்து ஜெர்மனியின் ட்ரியருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன்.

விமானம் லக்சம்பர்க்குக்கே பார்க்காதீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டோ பிரஸ்ஸல்ஸோ இறங்கி பஸ் பிடிப்பது பெரும்பாலும் லாபம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒரே விசா) வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தீர்மானித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.