கேள்வி – பதில்: பட்டில் தீட்டிய சடலம்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஃபுயுகோ மட்சுயின் படங்களில் பட்டு, மை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை என்று எல்லாமே பழையவை. அவரை நவீன ஓவியர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: அவருடைய நவீனம் கருவியில் இல்லை, பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. 1974-இல் பிறந்த மட்சுய், டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய ஓவியம் பயின்று 2007-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் 2004-இல் பட்டில் தீட்டிய புகழ்பெற்ற படத்தில், பூக்கள் மண்டிய வெளியில் ஒரு பெண் கிடக்கிறாள். பிளந்த வயிற்றின் வழியே உள்ளுறுப்புகளும் கருப்பையில் இருக்கும் சிசுவும் தெரிகின்றன. இதற்கு மூலம் 'குசோசு' என்னும் பௌத்த ஓவிய மரபு. ஒரு சடலம் வீங்கி, அழுகி, நாய்க்கும் பறவைக்கும் இரையாகி, எலும்பாகச் சிதறும் வரையிலான ஒன்பது நிலைகளைக் காட்டும் இவ்வகைப் படங்கள், துறவிகளின் காமத்தை அடக்குவதற்காக ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக வரையப்பட்டன. அவற்றில் சடலம் பெரும்பாலும் பெண்ணுடையது. ஆணின் மனம் அடங்குவதற்குப் பெண்ணின் உடல் அழுகிக் காட்ட வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை மட்சுய் கையில் எடுத்து, அதன் திசையை மாற்றிவிடுகிறார். அவர் படத்துப் பெண் எவருக்கும் பாடமாகக் கிடக்கவில்லை. தன்னிடம் இருப்பதைத் தானே திறந்து காட்டும் மிடுக்கு அவளிடம் இருக்கிறது.

இன்னொன்று: மட்சுய் பயின்ற ஜப்பானிய ஓவிய முறைக்கு 'நிஹோங்கா' என்று பெயர். நாம் தொன்மரபு என்று நினைக்கும் அதுவே, மேலைநாட்டு எண்ணெய் வண்ண ஓவியம் பரவிய மெய்ஜி காலத்தில் (1868–1912), அதற்கு எதிர்நிலையாக வகுக்கப்பட்ட பிரிவுதான்.

கேள்வி: இதையே கித்தானில் தீட்டியிருக்கலாமே? பட்டுதான் வேண்டும் என்பது வீம்பு அல்லவா?

பதில்: அல்ல. ஓவியத்துக்கென நெய்த மெல்லிய பட்டை மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டி, வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசுவார்கள். அதைப் பூசாவிட்டால் மை இழைகளுக்குள் ஊறிப் பரவிவிடும். பிறகு, முழு அளவில் வரைந்த மாதிரியைப் பட்டின் அடியில் வைத்து, மேலே தெரியும் கோடுகளைத் தூரிகையால் எடுக்கிறார்கள். பிழையை எண்ணெய் வண்ணத்தில் செய்வதுபோல் மேலே பூசி மறைக்க இங்கே வழியில்லை என்பதால், தயக்கமெல்லாம் மாதிரித் தாளிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

பட்டின் தனிச்சிறப்பு, அதன் பின்புறத்திலும் வண்ணம் தீட்டலாம் என்பதே. பின்னால் பூசிய நிறம் இழைகளின் இடைவெளி வழியே மங்கலாகக் கசிந்து, முன்புறக் கோட்டுக்குக் கீழே சதைபோல் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் இட்டோ ஜாக்குச்சூவின் வெண்ணிறப் பீனிக்ஸ் பறவை பொன்னாக மின்னுவதைப் பார்த்துப் பொடித்த தங்கம் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த மினுமினுப்பு, முன்புறத்தில் பூசிய சிப்பித் தூள் வெண்மையும் பின்புறத்து மஞ்சள் காவியும் சேர்ந்து தருவது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோலும் தோலுக்குக் கீழே இருப்பதுமே தன் பொருளாகிவிட்ட ஓவியருக்கு, ஒளி உள்ளே புகுந்து திரும்பும் இந்தத் தளத்தைவிடப் பொருத்தமானது எது? கித்தானில் அந்த வயிறு வெறும் இறைச்சியாகத்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இத்தனை நுணுக்கமான கைத்திறனைக் கோரத்துக்குச் செலவிடுவது முறையா?

பதில்: பழைய குசோசுகளைத் தீட்டியவர்களும் தேர்ந்த கைகளே, அவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. என் வருத்தம் வேறு. பெரும்பாலோர் மட்சுயை அச்சிலும் திரையிலும்தான் பார்க்கிறோம். அங்கே பட்டின் ஆழம் போய்விடுகிறது, பிளந்த வயிறு மட்டும் மிஞ்சுகிறது. அவரை அதிர்ச்சி ஓவியர் என்று ஒதுக்குபவர்களில் பலர் தீர்ப்புச் சொல்வது அந்த நகலின்மீதுதான்.