வாசிக்கத் திணறும் பிள்ளை, வாங்கச் சொல்லும் ஆப்: கேள்வி-பதில்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோரின் கடிதங்களைச் சில வாரங்களாகத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். இப்போது ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. விஷயம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பிள்ளை வாசிக்கத் திணறுகிறது, கம்ப்யூட்டரில் எதை வாங்கிப் போட்டால் சரியாகும்? கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

எட்டு வயது மகனுக்கு இரண்டு வருடமாக வீட்டில்தான் படிப்பு. தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். மாதம் 899 ரூபாயில் ஒரு ஆப், வருடம் 6,000 ரூபாயில் இன்னொன்று பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்கலாம்? – ஒரு தாய், கோவை

முதலில் கண் டாக்டரிடம் போங்கள். காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் பள்ளியில் யாராவது கவனித்துச் சொல்வார்கள். வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

அப்புறம், காசு கொடுப்பதற்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுங்கள். கூகுளின் ரீட் அலாங், 2019-ல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. தமிழிலும் இருக்கிறது. பிள்ளை சத்தமாக வாசிக்க, அது கேட்டுக்கொண்டே வரும். தடுக்கும் சொல்லைத் தொட்டால் அதுவே சொல்லிக்காட்டும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாகக் கிடைக்கின்றன. வேண்டியதைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுக்கலாம்.

இதற்கு மேலும் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒரு காகிதத்தில் ஐந்து சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: பகல், தங்கம், பழம், கொக்கு, வௌவால். ஆப் இவற்றை எப்படிச் சொல்லித்தருகிறது என்று பாருங்கள். ‘க’வுக்கு ஒரே ஓசைதான் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘பகல்’, ‘தங்கம்’ இரண்டிலும் அது மாறி ஒலிப்பதைக் கண்டுகொள்ளாமல் போனால், அது இங்கிலீஷுக்கோ இந்திக்கோ செய்ததைத் தமிழில் மாற்றி ஒட்டியது. ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். திணறும் பிள்ளை இடமிருந்து வலமாகப் போய் இங்கேதான் விழுகிறது. ‘வௌவால்’ இன்னும் மோசம். ஔகாரக் குறியின் பின்பாதி அச்சு அசல் ‘ள’ மாதிரியே இருப்பதால் ‘வெளவால்’ என்று வாசிப்பான். இந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்லித்தரும் ஆப்புக்குக் காசு கொடுக்கலாம். அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். தினம் 15 நிமிடம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் குக்கர் வைக்கப் போனால், கதையை விட்டுவிட்டு நட்சத்திரம் வாங்கும் வழியைத்தான் பிள்ளை கண்டுபிடிப்பான்.

‘இன்று இரவு 12 மணி வரை மட்டும் 70 சதவீதத் தள்ளுபடி’ என்று வருகிறது. உடனே வாங்கிவிடவா? – வாசகர், சேலம்

நாளை காலை பாருங்கள், தள்ளுபடி அங்கேயே இருக்கும்.

ஒருவர் வீட்டுக்கு வந்து மகளுக்கு இலவசமாக ‘வாசிப்புத் தேர்வு’ வைத்தார். 20 நிமிடத்தில், ‘இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறாள், இப்போது விட்டால் பிடிக்க முடியாது’ என்றார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். 64,000 ரூபாய், 24 மாத இஎம்ஐ. ஆப்பை அவள் நான்கு நாள்தான் தொட்டாள். வேண்டாம் என்றால், ‘கடன் வேறு கம்பெனி, எங்களுக்குத் தெரியாது’ என்கிறார்கள். – ஒரு தாய், மதுரை

அம்மா, இதில் உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் பயத்தை அளந்து பார்த்து விலை போட்டிருக்கிறார்கள்.

இந்த ‘இலவசத் தேர்வு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது. தேர்வு வைப்பவரின் சம்பளமே நீங்கள் போடும் கையெழுத்தில் இருக்கும்போது, எந்தப் பிள்ளை அதில் தேறும்? செருப்புக் கடைக்காரர் கால் அளவு பார்த்துவிட்டு ‘பழைய செருப்பே போதும்’ என்று சொல்லி அனுப்புவாரா? வாசிப்பில் நிஜமாகவே சிக்கல் இருக்கிறதா என்பதைச் சிறப்புப் பயிற்சி ஆசிரியரோ உளவியலாளரோ பார்க்க வேண்டும். ஒரே உட்காரலில் முடிகிற வேலை அல்ல அது. வாசிப்பைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகள் உண்டு. வீட்டுக்கு வந்தவர் சொன்ன ‘தேர்வு முடிவு’க்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. தங்க நகை வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், பிள்ளையின் படிப்பு என்றதும் பேனாவைத் தேடுகிறோம். அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேண்டாம் என்பதைப் போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள், ஆப் கம்பெனிக்கும் கடன் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள். கடன் ஒப்பந்தத்தில், அபராதமில்லாமல் விலகிக்கொள்ளும் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். செயலி வழியாகத் தரும் கடன்களுக்கு அப்படி ஒரு காலம் தர வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கோபத்தில் இஎம்ஐயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழும், வசூல் ஆட்கள் போன் செய்வார்கள். என்ன நடந்தது என்று மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

ஏழு நாள் இலவசம் என்று போட்டேன். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, ஆப்பை அழித்துவிட்டேன். ஆனால் 11 மாதமாக மாதம் 499 ரூபாய் போயிருக்கிறது. இது அநியாயம் இல்லையா? – வாசகர், திருப்பூர்

அநியாயம்தான், பாதி உங்களுடையது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. வீட்டைக் காலி செய்துவிட்டு, கேபிள்காரரிடம் சொல்லாமல் போவது மாதிரி அது. ஆட்டோ டெபிட் என்றால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறை. பதினொரு முறை வந்திருக்கும். படித்தீர்களா?

மீதிப் பாதி அவர்களுடையது. சேர ஒரு பட்டன், விலக ஒன்பது பக்கம் என்று வைப்பதை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘சந்தா பொறி’ வகையில் சேர்த்துத் தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் ஏபிசிமவுஸ் என்ற குழந்தைகள் கல்வித் தளம், சந்தாவை ரத்து செய்ய விடாமல் அலைக்கழித்த புகாரில் 2020-ல் 1 கோடி டாலர் கட்டியது. நீங்கள் இன்றைக்கே பிளே ஸ்டோரிலும் யுபிஐ ஆப்பிலும் சந்தாவை ரத்து செய்துவிட்டு ரீஃபண்ட் கேளுங்கள். ஓரிரு மாதத்துப் பணம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டிஸ்லெக்சியா உள்ள மகனுக்கு 12 வாரத்தில் ‘மூளையைச் சரிசெய்யும்’ மென்பொருள் 38,000 ரூபாய். டிஸ்லெக்சியாவுக்கென்றே ஒரு எழுத்துருவும் தருகிறார்கள். – வாசகி, புதுச்சேரி

வேண்டாம். டிஸ்லெக்சியா 12 வாரத்தில் ஆறுகிற புண் இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமாசிட்டி, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. வாசிப்புச் சிக்கலுக்கென்று விற்ற ஃபாஸ்ட் ஃபார்வேர்டு என்ற மென்பொருளைப் பற்றிய சோதனைகளை 2011-ல் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு அதில் பலன் தென்படவில்லை. சிறப்பு எழுத்துருவும் அப்படித்தான், அதுவும் இலவசமாகவே கிடைப்பதற்குக் காசு எதற்கு? எழுத்துக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைகளிடம் நடத்திய 2012 ஆய்வில் அது உதவியிருக்கிறது. வேர்டில் இரண்டு கிளிக்.

அறிவியல் பாடத்தைக் கம்ப்யூட்டரே வாசித்துக்காட்டினால் பேரன் சோம்பேறி ஆகிவிடுவான் என்கிறார் மாமியார். – வாசகி, நாமக்கல்

மாமியார் கண்ணாடி போட்டுத்தான் பேப்பர் படிக்கிறாரா? அதே கதைதான் இது. வாசிப்புப் பயிற்சி நேரத்தில் அவனே வாசிக்கட்டும், ஒளிச்சேர்க்கையைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்க் குரல்கள் இலவசமாகவே இருக்கின்றன.

டெலிகிராமில் ஒருவர் பெரிய ஆப்பின் ‘லைஃப்டைம்’ கணக்கை 500 ரூபாய்க்குத் தந்தார். மூன்றே வாரத்தில் முடங்கிவிட்டது. – வாசகர், சென்னை

திருட்டுச் சரக்கு வாங்கிவிட்டு என்னிடம் பில் கேட்கிறீர்கள்.

ஊருக்கே சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததில்லையா? – வாசகர், தஞ்சாவூர்

ஏமாறாமலா? 2006-ல் தங்கை மகளுக்காகக் கண்காட்சியில் 12 சிடி கொண்ட ஒரு பெட்டி, 2,400 ரூபாய். ‘முப்பதே நாளில் சரளமாக வாசிக்கலாம்’ என்று அட்டையில் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால், தமிழ் சொல்லித்தர வந்த அந்தக் குரல் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்றது. ஏற்கெனவே ழ வராமல் அழுதுகொண்டிருந்த பிள்ளை, ‘மாமா, டீச்சருக்கே வரலியே’ என்று சிரித்தாள். அந்தப் பெட்டியால் நடந்த ஒரே நல்லது அந்தச் சிரிப்பு. பில்லை அன்று இரவே தொலைத்திருந்தேன், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. சிடிகள் எங்கள் கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்கின. கிளிகள் வந்து தின்றுவிட்டுத்தான் போயின.