சணலால் கட்டிய புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: போன மாதம் தாத்தா வீட்டைக் காலி செய்தோம். டிரங்குப் பெட்டியில் எழுபது புத்தகங்கள் போல இருந்தன. கெட்டி அட்டை போட்ட கம்பராமாயணம் ஒன்றில் 1867 என்று அச்சாகியிருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார் அண்ணன். மெலிந்த பாட்டுப் புத்தகங்கள் முப்பதுக்கு மேல் சணலால் கட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா? பூச்சி அரித்தவற்றை என்ன செய்வது? எனக்கும் சேகரிக்கும் ஆசை வந்துவிட்டது. எதில் தொடங்குவது?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதல் வேலையாகச் சணலால் கட்டிய அந்தப் புத்தகங்களை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. மீதியைப் பிறகு பேசலாம்.

முப்பது வருடமாகப் பழைய புத்தகங்களோடு புதுச்சேரியில் வாழ்கிறேன். பலரும் நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறார்கள். தடித்ததைப் பூசை அறையில் வைப்பார்கள். மெலிந்ததை எடைக்குப் போடுவார்கள். ஆனால் கம்பராமாயணத்தை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் அது நிறைய இருக்கிறது. காலணாவுக்கும் அரையணாவுக்கும் தெருவில் விற்ற சிந்து, கும்மி, லாவணி, நாடகப் பாட்டுப் புத்தகங்களை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்றதால் அவற்றைக் குஜிலிப் புத்தகம் என்பார்கள். வெள்ளம், ரயில் விபத்து, கொலை, எது நடந்தாலும் உடனே பாட்டாகி எட்டுப் பக்கத்தில் வந்துவிடும். படித்ததும் பொட்டலம் கட்டப் போய்விடும். இன்று ஒரே ஒரு பிரதி மட்டும் மிஞ்சியிருப்பவை அந்த வகையில்தான் அதிகம். உங்கள் பக்கத்துக் கோயில்களின் பாடலீசுவரர் மீதோ தேவநாதசுவாமி மீதோ உள்ளூர்க்காரர் ஒருவர் பாடி, சொந்தச் செலவில் அச்சிட்ட பதிகம் உங்கள் கட்டுக்குள் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அது வேறெங்கும் இல்லாமல் போயிருக்கக்கூடும்.

அடுத்து அந்த 1867. அந்த எண்ணைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ‘25-வது ஆக்ட்’, ‘ரிஜிஸ்டர்’ என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் அது புத்தகத்தின் வயது அல்ல. அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்ய வந்த சட்டத்தின் வருடம் அது. 1867-ல் வந்த சட்டத்தின் பெயரை 1920-ல் அச்சான புத்தகமும் சுமக்கும். இதில் ஏமாந்து பணம் கொடுத்தவர்களை நான் அறிவேன். உங்கள் மாவட்டத்துக்கு அந்த வருடம் வேறொரு வகையில் பெருமை தருவது: வடலூர் வள்ளலாரின் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள் அச்சேறியது 1867-ல்தான்.

உண்மையான வயதைத் தமிழ் வருடப் பெயரில் தேடுங்கள். முகப்பில் ‘விய வருஷம்’ என்று இருந்தால் அது 1886 ஆகலாம், 1946-ம் ஆகலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருமல்லவா. எது என்பதை விலையும் காகிதமும் சொல்லும். அணாக் கணக்கில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. ‘லை’, ‘னை’ போன்றவற்றைத் துதிக்கை போட்ட பழைய வடிவில் அச்சிட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பின் அட்டை விளம்பரத்தையும் விடாதீர்கள். அச்சகத்தார் அங்கே போடும் விற்பனைப் பட்டியலே பல சமயம் தேதியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

‘புதுவை’ என்று அச்சிட்ட புத்தகம் இருந்தால் இன்னும் கவனம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரில் 1867 சட்டம் செல்லுபடியாகவில்லை. சென்னை மாகாணத்தில் அச்சானவற்றுக்கு அரசு காலாண்டுப் பட்டியல் போட்டது. புதுவை நூல்கள் அதில் இடம்பெற வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியலில் இல்லாததை யாரும் தேடவும் மாட்டார்கள்.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தை வெள்ளைத் தாள் மேல் லேசாகத் தட்டுங்கள். மாவு போலப் புதுத் தூள் கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கக்கூடும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் அப்படியே விடுங்கள், ஈரம் தாளில் இறங்காது. வெயிலில் காயவைப்பது, செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் செய்வது மூன்றும் கூடாது. இரும்பு டிரங்குப் பெட்டி கடலோரக் காற்றில் உள்ளே வியர்க்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கும் அலமாரி நல்லது. கீழ்த்தட்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்திலாவது இருக்கட்டும். 2011 டிசம்பர் தானே புயலும் 2015 வெள்ளமும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பைண்டிங் செய்ய அவசரப்படாதீர்கள். இளவயதில் ஒரு தனிப்பாடல் திரட்டைக் கடையில் கொடுத்தேன். ஓரத்தை மெஷினில் வெட்டி, சிவப்புக் காலிகோ துணி போட்டுப் பளபளவென்று தந்தார்கள். பக்க ஓரங்களில் யாரோ ஒரு புலவர் பென்சிலால் எழுதியிருந்த பாடபேதங்கள், அதாவது பாட்டின் மாற்று வடிவங்கள், பாதிப் பாதியாக அறுந்து போயிருந்தன. பழைய மேலட்டையையும் காணோம். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் என் மனம் கனக்கும். தாள் தளர்ந்திருந்தால் அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து நாடாவால் கட்டினாலே போதும்.

பெட்டியில் ஓலைச்சுவடி இருந்தால் அது வேறு கணக்கு. எழுபத்தைந்து வயது தாண்டிய, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சைவ ஆகமச் சுவடிகளைப் பேணுகிறார்கள். அங்கே கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. எதுவானாலும், விற்குமுன் ஒவ்வொரு முகப்பையும் படம் எடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் அந்தத் தலைப்புகளைத் தேடுங்கள். இரண்டிலும் இல்லாதது அகப்பட்டால் நூலகத்துக்கு எழுதி, மின்படி எடுத்துக்கொள்ளக் கொடுங்கள்.

சேகரிக்கும் ஆசைக்கு என் பதில்: எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், ஒன்றைப் பிடியுங்கள். கடலூரில் அச்சானவை மட்டும், அல்லது நாடகப் பாட்டு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கண் தானாகப் பழகும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்கு வெயில் ஏறுமுன் வாருங்கள். துணிக்கும் செருப்புக்கும் நடுவே தரையில் விரித்த புத்தகக் குவியல் இருக்கும். குனிந்து, அடியில் கிடப்பதை எடுத்து, முகப்பைத் திருப்பும் அந்த நொடிக்காகத்தான் நான் இத்தனை வருடமாகப் போகிறேன். பல வாரம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் போயிருக்கிறேன்.

நீங்களோ முப்பது புத்தகத்தோடு தொடங்குகிறீர்கள். இன்று மாலை சணலை அவிழ்த்து ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் பாருங்கள். தாத்தா தன் பெயரோ, வாங்கிய தேதியோ எழுதியிருந்தால் அதை அழிக்காமல் ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.