வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: வயது 27. பிடித்தம் போகச் சம்பளம் 19,000. வேறு கம்பெனிக்கு மாறப் போகிறேன். பழைய கம்பெனி பி.எஃப்.ல் 80,000 சொச்சம் இருக்கிறது. அதை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு மீதியை நல்ல லாபம் வருகிற இடத்தில் போடலாமா? இந்தச் சம்பளத்தில் எதிர்காலத்துக்கு எப்படிச் சேமிப்பது?

எடுக்காதீர்கள் தம்பி. (பைக் என்றதால் தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். தங்கச்சியாக இருந்தாலும் பதில் இதேதான்.)

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கிறேன். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அடுத்த கம்பெனிக்கு மாறுகிற ஆட்கள் நிறைந்த ஊர் இது. போன அடுத்த வாரமே போன் வரும், "அக்கா, பி.எஃப். எப்ப எடுக்கலாம்?" என்று. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் விதி. புதுக் கம்பெனியில் உங்களுக்கு பி.எஃப். பிடிக்க ஆரம்பித்துவிட்டால் பழைய பணத்தை முழுசாக எடுக்க இடமே இல்லை, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். வேலையில் இல்லை என்று காட்டித்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். 5 வருட சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், பேன் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். மாற்றிக்கொண்டால் பழைய கம்பெனி வருடங்களும் அந்த 5 வருடக் கணக்கில் சேரும்.

அடுத்து வட்டி. 2023-24க்கும் 2024-25க்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இதே வட்டி நின்றால் உங்கள் 80,000 ரூபாய், நீங்கள் இனிமேல் ஒரு பைசா போடாவிட்டாலும், 30 வருடத்தில் எட்டரை லட்சத்தைத் தாண்டும். "அன்றைக்கு எட்டரை லட்சத்துக்கு என்ன மதிப்பு இருக்கும், விலைவாசி என்ன ஆகும்" என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான், மதிப்பு குறையும். ஆனால் அந்த பைக் 30 வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் போடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நான் அதற்கு எதிரி இல்லை. என் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது. அதைப் புதுப் பணத்தில் செய்யுங்கள் என்கிறேன். இருக்கிற பி.எஃப்.ஐ உடைத்துச் செய்யாதீர்கள். உடைத்து எடுத்தவர்களில் அதை அப்படியே இன்னொரு இடத்தில் போட்டவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. எடுத்த பணம் கல்யாண மொய்க்குப் போகும், போனுக்குப் போகும், ஊர்த் திருவிழாவுக்குப் போகும்.

இனி காரணம். என் அண்ணன் டெய்லர். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின் இரண்டும் கை வந்த ஆள். 2018ல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினபோது அவனும் உங்களைப் போலத்தான் கேட்டான். அண்ணியின் செயின் ஒரு அடகுக் கடையில் ரெண்டு ரூபாய் வட்டிக்கு இருந்தது. அதை மீட்டுவிட்டு மீதியை ஒரு ஏலச்சீட்டில் போடுவதாகத் திட்டம். நான் முடியாது என்றேன். "என்ற காசு அம்மிணி, நா எடுக்கறேன். ஊர்ல எல்லாரும் எடுக்கறாங்கல்ல?" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நாள் பேச்சே இல்லை.

ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், அதை அடைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பீர்கள். கணக்குப்படி சரி. ஆனால் 24 சதவீத வட்டியிலிருந்து வெளியே வர பி.எஃப்.ஐ உடைக்க வேண்டியதில்லை. என் கையில் இருந்ததைக் கொடுத்து நகையை மீட்டு, கூட்டுறவு வங்கியில் நகைக்கடனாக மாற்றி வைத்தோம். வட்டி பாதிக்கும் கீழே வந்தது. சனிக்கிழமை அண்ணன் சம்பளம் வாங்கி வரும்போதெல்லாம் அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அதை மீட்டுவிட்டார். சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு பண்ணின சீட்டா என்று பார் என்றேன், இல்லை என்று தெரிந்ததும் அவனே விட்டுவிட்டான்.

பிறகு பழைய பி.எஃப்.ஐப் புதுக் கம்பெனிக்கு மாற்றும் வேலை. அதில்தான் நம் ஊர் இன்ஷியல் சங்கடம் வந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இன்ஷியல். பேன் கார்டில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் முன்னால். பழைய கம்பெனியில் யாரோ ஒரு கிளார்க் ஏற்றின பி.எஃப். கணக்கில் இன்ஷியலே இல்லை, பெயரில் ஓர் எழுத்தும் குறைவு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய கம்பெனி அந்தக் கையெழுத்துக்கு அவனை அலைய விட்டது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டுக் கேட்கிற எந்தப் படிவமும் நம்மை நினைத்து உருவானதில்லை. அப்பா பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னால் வைக்கிற கோடிக்கணக்கான பேர் இருக்கிறோம், ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஏற்றிவிட்டு, கடைசியில் "பெயர் பொருந்தவில்லை" என்று நம்மையே திருப்பி அனுப்புகிறார்கள். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சரி, அது வேறு கதை.

அப்படி அலைந்து மாற்றினோம். நாமினேஷனில் அண்ணி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் என் போனிலேயே ஏற்றி, ஆதார் ஓ.டி.பி. கேட்டு முடித்துவைத்தேன்.

2022 தை மாதம் அண்ணன் போய்விட்டான். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுப் படுத்தவன், நெஞ்சுவலி என்று எழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வயது 44. பையன் எட்டாம் வகுப்பு, பெண் மூன்றாம் வகுப்பு.

காரியம் முடிந்த பிறகு அண்ணி ஒரு மஞ்சப்பையில் வீட்டில் இருந்த எல்லாக் காகிதத்தையும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அவன் சம்பளச் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு. "இதுல எது ஆகும்னு தெரியல, நீங்களே பாருங்க" என்றார்.

பி.எஃப்.ல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த பணம். தெரியாத இரண்டு உண்டு. ஒன்று, இ.டி.எல்.ஐ. என்கிற காப்பீடு. பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது, அதிகபட்சம் 7 லட்சம். நம்மிடம் இதற்கு ஒரு ரூபாய் பிடிப்பதில்லை, முதலாளி கட்டுவது. கணக்கு இப்படி: பி.எஃப். பிடிக்கிற சம்பளத்தின் கடைசி 12 மாத சராசரியை (15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள்) 35 மடங்காக்கி, அதோடு பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியைச் சேர்ப்பார்கள், அந்தப் பாதி 1.75 லட்சம் வரை. அண்ணனுக்கு பி.எஃப். பிடித்த சம்பளம் 12,000. 35 மடங்கு 4,20,000. சராசரி இருப்பில் பாதி ஒரு லட்சத்துக்கு மேல். அந்த இரண்டாவது தொகை இவ்வளவு வந்ததே பழைய பணத்தை எடுக்காமல் மாற்றி வைத்திருந்ததால்தான்.

இரண்டாவது, பென்ஷன். முதலாளி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. நமக்கு 58 வயதில் மாதப் பென்ஷன் வேண்டுமானால் 10 வருட சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு கம்பெனியிலும் 10சி படிவம் கொடுத்து அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறவர்களுக்கு அந்த 10 வருடம் சேரவே சேராது. ஆனால் வேலையில் இருக்கும்போது இறந்தால் இந்த 10 வருடக் கட்டாயம் கிடையாது. மனைவிக்குப் பென்ஷன், அதில் 25 சதவீதம் வீதம் இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்களுக்கு 25 வயது ஆகும் வரை. அண்ணிக்கு வருவது பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறாமல் வருகிறது, யாரிடமும் கை நீட்டி வாங்குவதில்லை.

சாவைக் காட்டிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 27 வயதில் இதையெல்லாம் யோசிக்கச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கில் இருப்பது 80,000 மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது அப்படி இல்லை என்று காட்ட எனக்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை.

பணம் வந்த பிறகும் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், சேமிப்பு பற்றித்தானே கேட்டீர்கள். அண்ணி ஒரு வங்கிக்குப் போய், "மூணு லட்சம் எஃப்.டி. போடணும்" என்றிருக்கிறார். உள்ளே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எஃப்.டி.யைவிட நல்லது என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து காட்டினார். அது எஃப்.டி. ரசீதே இல்லை, வருடம் ஒரு லட்சம் வீதம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசி. வீட்டில் சம்பாதிக்கிற ஆளே இல்லாத ஒரு பெண்ணிடம், அடுத்தடுத்த வருடமும் லட்சம் கட்டுகிற பாலிசியை எந்த மனசோடு விற்றார்களோ. மறுநாளே நானும் போனேன். பாலிசி வேண்டாமென்றால் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, அப்போது 15 நாள், 2024லிருந்து 30 நாள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக சீல் வாங்கின பிறகுதான் எழுந்தேன். பணம் சிறு பிடித்தத்தோடு திரும்பி வந்தது.

அந்த மூன்று லட்சத்தைத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டோம். அப்போது 6.6 சதவீதம், மாதம் 1,650 ரூபாய் அண்ணி கணக்கில் விழுகிறது. பெண்ணுக்கு 10 வயது ஆகவில்லை என்பதால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம், அதற்கு இப்போது 8.2 சதவீதம். மீதி பையன் படிப்புக்கு, உண்மையான எஃப்.டி.யாக, வேறு வங்கியில். அண்ணி இப்போது எங்கள் பக்கத்து யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போகிறார். அவருக்கும் பி.எஃப். ஓடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 19,000ல் உங்கள் வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, சாப்பாடு போக என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் இந்தச் சம்பளம்தான். பைக் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேலைக்குப் போக வண்டி தேவைதான். செகண்ட் ஹேண்ட் பாருங்கள், அல்லது தபால் ஆபீஸில் ஆர்.டி. என்கிற மாதாந்திரச் சேமிப்பு ஒன்று ஆரம்பித்து (மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம்) சேர்ந்ததும் வாங்குங்கள். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாகச் சேரும் வரை வேறு எந்த முதலீடும் வேண்டாம். பிரதம மந்திரி பெயரில் உள்ள இரண்டு காப்பீடுகள், வருடத்துக்கு 436 ரூபாய் ஒன்று, 20 ரூபாய் ஒன்று, வங்கியில் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாராவது பாலிசி கொண்டுவந்தால் வீட்டுக்கு எடுத்து வந்து படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுங்கள். அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால் இரண்டையும் சேர்ப்பது தனி அலைச்சல். பழைய கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியை ஏற்றியிருக்கிறதா பாருங்கள். ஏற்றாவிட்டால் கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். மாதம் ஒரு முறை பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள், முக்கியமாகக் காண்ட்ராக்டில் வேலை செய்கிறீர்கள் என்றால். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், பாஸ்புக்கில் வரவு இருக்காது, அப்படிப்பட்ட காண்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதப் பிடித்தத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அவர்கள் கட்டியாக வேண்டும்.

நாமினியாக இப்போது அம்மா பெயர் போட்டிருப்பீர்கள். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ஆதார், பேன், பி.எஃப். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்து வைத்துப் பாருங்கள். பழைய கம்பெனியில் உங்களுக்குத் தெரிந்த ஆள் ஆபீஸில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம்.