தரங்கம்பாடி ரயிலும் யாரோ போட்ட கொடையும்

அன்புள்ள ஐயா,

மாயவரம் – தரங்கம்பாடி ரயிலைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். நான் பார்த்ததில்லை. அந்தப் பொம்மை ரயிலை இழுத்தது எந்த வகை இன்ஜின்? தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் இருந்த ஊர் என்பதால் அவர்கள் போட்ட பாதையா? வெள்ளைக்காரன் போட்டுக்கொடுத்ததைக்கூட நம்மால் காப்பாற்ற முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

வா., சென்னை

அன்புள்ள வா.,

போன வாரம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அடியில் ஒரு கெட்டி அட்டை டிக்கெட். மாயூரம் – பொறையாறு. மாயூரம் என்பது மாயவரம்தான், இன்றைய மயிலாடுதுறை; பொறையாறு தரங்கம்பாடிப் பாதையில் உள்ள ஊர். சின்னப் பையனுக்கு வாங்கியது என்பதால் மூலை வெட்டியிருந்தது. இறங்கும்போது கேட்டு வாங்க ஆள் இருந்திருக்க மாட்டார். அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வருகிறது.

டேனிஷ்காரர்கள் 1845-லேயே ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ரயில் வந்தது 1926-ல். அந்தக் கேள்வி அவ்வளவுதான். பொம்மை ரயில் என்கிறீர்கள். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போனதும் அதே மீட்டர் கேஜ்தான், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். முப்பது கிலோமீட்டர் ஓடினால் பொம்மையா? இன்ஜினுக்கு அப்புறம் வருகிறேன்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது 'வெள்ளைக்காரன் போட்டுக்கொடுத்தது'. தம்பி, படித்தவர்கள் நீங்களே இப்படி எழுதினால் எப்படி? மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் போட்ட பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுடையது, அதாவது அந்தக் காலத்து மாவட்ட நிர்வாக அமைப்புடையது. பணம் எங்கிருந்து வந்தது? நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்றே ஒரு வரி போட்டு வசூலித்தார்கள். குறுவையும் சம்பாவும் போட்டவன் கட்டிய காசு. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி வண்டி ஓட்டிக்கொடுத்தது, அவ்வளவே. தரங்கம்பாடிக் கிளை அதற்கு 32 வருஷம் கழித்து வந்தது.

சரி, பெரிய கம்பெனிகள் போட்ட பாதைகளாவது கொடையா? ஆரம்பத்தில் அந்தக் கம்பெனிகளின் லண்டன் பங்குதாரர்களுக்கு 5 சதவீதம் வட்டிக்குச் சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. வண்டி காலியாக ஓடினாலும் அவர்களுக்கு வட்டி போய்ச் சேரும். குறைந்ததை இந்திய வரிப்பணத்தில் ஈடுகட்டினார்கள். இதற்குப் பெயர் கொடை என்றால், கந்துவட்டிக்காரரையும் நீங்கள் வள்ளல் என்பீர்கள். எங்கள் தாத்தாவும் வாய்தா தவறாமல் வரி கட்டியவர். ரயிலைப் பார்த்தால் 'நம்ம வண்டி' என்பார். கிழவர் பெருமையடிக்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

தரங்கம்பாடி வண்டியை 1986-ல் நிறுத்தினார்கள். பஸ் வந்துவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். வரி வாங்கும்போது கட்டுப்படியாகுமா என்று யாராவது கேட்டார்களா? திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-ல் அகலப்பாதையில் வண்டி திரும்பிவிட்டது. தரங்கம்பாடிக்கு இன்னும் இல்லை. உங்கள் வருத்தத்தைக் கேலி செய்யவில்லை. அது எனக்கும் உண்டு. ஆனால் போனது யாரோ கொடுத்த பரிசு இல்லை, நம் வீட்டுச் சொத்து. அந்தக் கோபத்தோடு வருத்தப்படுங்கள்.

பொறையாறு போகும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, ஆக்கூர் வருவதற்குள் கண்ணில் கரித்தூளை வாங்கிவிடுவேன். அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றுவாள். கையில் இருந்த முறுக்கு அதற்குள் அக்கா வாய்க்குப் போயிருக்கும்.

இன்ஜின் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அப்பாவிடம் கண்ணில் கரி விழுந்ததா என்று கேளுங்கள். விழுந்தது என்றால் நீராவி. இல்லை என்றால் அவர் அம்மா சொல்பேச்சு கேட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்.