கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஏட்டைப் படமெடுப்பது பற்றி

வணக்கம். மட்டக்களப்பில் உங்கள் ஊர்க் கோயிலின் கண்ணாடிப் பெட்டியிலுள்ள ஏட்டை நேர்மேலிருந்து எடுத்த படங்களில் பிளாஷ் வெளிச்சமே விழுகிறது, போலரைசர் பில்டரும் உதவவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பில்டர் கண்ணாடிப் பிரதிபலிப்பை நன்றாகக் குறைப்பது ஏறக்குறைய 55 பாகைச் சாய்வில்தான்; நேர்மேலிருந்து எடுக்கும்போது அதனால் பயனில்லை.

கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் அனுமதி பெற்றுப் பெட்டியைத் திறக்கச் செய்வதே நல்லது. எழுத்தாணியால் கீறிய எழுத்து பள்ளமாக இருப்பதால், பிளாஷை அணைத்து, ஒரே விளக்கை ஏட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் வைத்தால், கீறலில் பூசிய மை மங்கிய வரிகளும் நிழலால் தெளிவாகும். அளவுகோலொன்றையும் அருகில் வையுங்கள். எழுத்துத் தெரியவேண்டுமென்று கரியோ எண்ணெயோ பூசச் சிலர் சொல்வார்கள். படத்துக்காக அதைச் செய்யவே வேண்டாம்.

திறக்க முடியாவிட்டால், அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கமராவைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.