குரல் முன்னே, கூடம் பின்னே: ரிவெர்ப் பற்றி வாசகர் கேள்விகள்

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, வீட்டிலேயே பதிவு செய்து வீட்டிலேயே மிக்ஸ் செய்யும் இசைக்கலைஞர்கள் அனுப்பியவை. குரலும் கருவிகளும் சுத்தமாகப் பதிவாகியிருந்தும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஓர் அரங்கம் எழவில்லை என்பதே அவர்களுடைய பொதுவான குறை. பள்ளிப் பாடநூல்கள் எதிர்முழக்கம் என்று குறிப்பிடுவதைக் கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் ரிவெர்ப் என்றே வழங்குகிறோம்: ஒலி சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, மெல்லத் தேயும் முழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ரிவெர்பை எவ்வளவு சேர்ப்பது என்பதைவிட, திரும்பி வரும் ஒலி எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து காதை அடைகிறது என்பதைப் பற்றியே இப்பதில்களில் அதிகம் பேசியிருக்கிறேன். அரங்கத்தைக் காது அந்த இரண்டையும் கொண்டுதான் கட்டுகிறது.

கேள்வி: பாடகியின் குரலுக்குச் சிறிது ரிவெர்ப் சேர்த்தாலே குரல் பின்னால் போய்விடுகிறது. சேர்க்காவிட்டால் மற்ற கருவிகளோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. இதற்கு நடுவழி உண்டா? (வளசரவாக்கம் வாசகர்)

பதில்: உண்டு. அதைக் காண, ஒரு சபாவில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்னையின் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் செல்கிறது. முதல் வரிசையில், பாடகியிடமிருந்து 3 மீட்டரில் இருந்தால், அவர் குரல் நேராக 9 மில்லி விநாடியில் உங்களை அடையும். பக்கச் சுவரில் பட்டு 15 மீட்டர் சுற்றி வரும் ஒலிக்கு 43 மில்லி விநாடி ஆகும். இரண்டுக்கும் இடைவெளி 34 மில்லி விநாடி. கடைசி வரிசையில், 25 மீட்டர் தொலைவில் இருந்தால், நேரொலிக்கு 71, சுவரில் பட்டு 28 மீட்டர் வரும் ஒலிக்கு 80. இடைவெளி 9 மில்லி விநாடிதான். அரங்கம் ஒன்றே, பாடகியும் ஒருவரே. ஆனால் முதல் வரிசையில் நேரொலி வலுத்தும் திரும்பொலி தாமதித்தும் வருவதால் அவர் அருகில் இருப்பதாகவும், கடைசி வரிசையில் இரண்டும் நெருங்கி ஏறத்தாழ ஒரே வலிமையில் வருவதால் தொலைவில் இருப்பதாகவும் காது முடிவு செய்கிறது.

ரிவெர்ப் தரும் பிளக்-இன்னில், அதாவது மிக்ஸ் மென்பொருளோடு சேர்த்து இயக்கும் துணைமென்பொருளில், ப்ரீ-டிலே என்று ஒரு குமிழ் இருப்பது இந்த இடைவெளிக்காகத்தான். அது பூஜ்யத்தில் இருந்தால், நீங்கள் எவ்வளவு குறைவாக ரிவெர்ப் சேர்த்தாலும் பாடகியைக் கடைசி வரிசைக்கே அனுப்புகிறீர்கள். 25 முதல் 40 மில்லி விநாடி வரை வைத்துப் பாருங்கள். க, த, ப முதலிய வல்லின எழுத்துகள் வெடிக்கும் தருணம் முழுவதும் தூய்மையாகக் கேட்டு முடிந்த பிறகே கூடத்தின் ஒலி எழும். சொல் முன்னே நிற்க, கூடம் பின்னே நிற்கும்.

அடுத்து, ரிவெர்புக்குள் போகும் ஒலியை வடிகட்டுங்கள். லண்டன் ஆபி ரோடு கூடத்தில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளதை வெட்டிவிட்டே ஒலியை ரிவெர்புக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 600 என்பது நம் பாட்டுக்குச் சில சமயம் மிகுதி; ஆண் குரலானால் 300 அளவில் தொடங்கி மேலே ஏற்றிப் பாருங்கள். மேல் பக்கத்தை வெட்டினால் ச, ஸ ஒலிகள் கூடத்தில் சீறுவது நிற்கும். ரிவெர்பைக் குரல் டிராக்கின் மேலேயே போடாமல், ஆக்ஸ் எனப்படும் தனித் துணைத்தடத்தில் வைத்து, குரலின் ஒரு நகலை சென்ட் என்னும் குமிழ் மூலம் அங்கே அனுப்புங்கள். இல்லாவிட்டால் இந்த வடிகட்டலைக் குரலைத் தொடாமல் செய்வது கடினம்.

கேள்வி: ரிவெர்பின் நீளத்தை எவ்வாறு தீர்மானிப்பது? (அண்ணாநகர் வாசகி)

பதில்: பாட்டின் வேகத்திலிருந்து தீர்மானியுங்கள். ரிவெர்ப் நேரம் என்பது ஒலி 60 டெசிபல் தேயப் பிடிக்கும் நேரம். நிமிடத்துக்கு 80 தட்டுகள், தட்டுக்கு நான்கு ஸ்வரங்கள் என்று கல்பனாஸ்வரம் ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 0.19 விநாடி. ரிவெர்ப் நேரம் 3 விநாடியானால், அடுத்த ஸ்வரம் பிறக்கும்போது முந்தைய ஸ்வரத்தின் முழக்கம் 4 டெசிபல்கூடத் தேய்ந்திருக்காது. 1.2 விநாடியானால் 9 டெசிபலுக்கு மேல் தேய்ந்திருக்கும்.

என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மார்கழிக் கச்சேரிப் பதிவுக்கு, ஆலாபனையில் அழகாக இருக்கிறதே என்று மிக நீண்ட ரிவெர்பை வைத்தேன். நிரவல் வந்தபோது சாகித்தியத்தின் ஒரு சொல்கூடத் தெளிவாக விளங்கவில்லை. அந்தப் பதிவை இன்றும் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. அதன்பின் ஆலாபனைக்கு ஓர் ஆக்ஸ், ஸ்வரத்துக்கு ஓர் ஆக்ஸ் என இரண்டை வைத்து, சென்ட் அளவை ஆட்டோமேஷன் மூலம், அதாவது பாட்டு ஓடும்போது மென்பொருளே மாற்றும்படி பதிந்துவைத்து, மெல்ல மாற்றுகிறேன்.

கேள்வி: வீணையின் டிராக்கை இரண்டாக்கி, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை 15 மில்லி விநாடி தாமதித்து வலப்பக்கமும் வைத்தேன். ஹெட்ஃபோனில் மிக விரிவாகக் கேட்கிறது. ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் வீணை மெலிந்து, தகரத்தில் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஏன்? (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: நீங்கள் கையாண்டது ஹெல்முட் ஹாஸ் என்பவரின் பெயரால் வழங்கும் விளைவு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அவர் 1949-இல் இதை ஆராய்ந்தார். அதே ஆண்டில் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் ஆகிய மூவரும் இதையொட்டிய ஆய்வை அமெரிக்காவில் வெளியிட்டனர். ஒரே ஒலி இருமுறை வந்தால், இடைவெளி ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்குள் இருக்கும்வரை, காது இரண்டையும் ஒன்றாகவே கேட்டு, முதலில் வந்த திசையையே ஒலியின் இடமாகக் கொள்கிறது. பின்னால் வருவது 10 டெசிபல் வரை உரத்திருந்தாலும் தனி எதிரொலியாகத் தெரிவதில்லை என்று ஹாஸ் கண்டார். அப்படி வருவது ஒலிக்குப் பருமனை மட்டும் கூட்டுகிறது.

இந்த இணைப்பைச் செய்வது இரு காதுகளையும் ஒப்பிடும் மூளை. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு ஒலிகளும் மூளைக்கு வரும் முன்னரே மின்னளவில் கூட்டப்பட்டுவிடுகின்றன. 15 மில்லி விநாடித் தாமதத்துடன் கூட்டினால் 33, 100, 167 ஹெர்ட்ஸ் என ஒவ்வொரு 67 ஹெர்ட்ஸுக்கும் ஓரிடத்தில் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதன் வரைபடம் சீப்பின் பற்கள்போல் இருக்கும். வீணையின் குடத்திலிருந்து எழும் நாதம் அந்தப் பற்களுக்கிடையில் சிக்கிக் காணாமல் போகிறது.

மூன்று மாற்றுகள் இருக்கின்றன. தாமதித்த பக்கத்தை 6 முதல் 8 டெசிபல் குறைத்து, அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடுவது எளியது. பள்ளங்கள் ஆழமற்றுப் போகும். ஒரே பகுதியை இரண்டாம் முறை வாசித்துப் பதிவு செய்து மறுபக்கம் வைப்பது அதைவிடச் சிறந்தது. முன்பே எழுதி வைத்த இசைக்கு இது ஏற்கும், ஆனால் எந்தக் கமகமும் இருமுறை ஒன்றுபோல் வராது என்பதால், அந்தந்த நேரக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்துக்கு உதவாது. நான் பெரிதும் விரும்புவது மூன்றாவது. வீணையை மோனோவாகவே, அதாவது ஒற்றைத் தடமாகவே, சற்று ஒரு பக்கமாக வைத்து, இட வலங்களில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட முதல் திரும்பொலிகளைத் தரும் குறுகிய ஸ்டீரியோ ரிவெர்புக்கு அனுப்புங்கள். பக்கங்களிலிருந்து 80 மில்லி விநாடிக்குள் வரும் திரும்பொலிகள் கருவியின் அகலத்தைக் காதுக்குப் பெரிதாக்குகின்றன என்பதை இசையரங்குகளை ஆராய்ந்த பாரனும் மார்ஷலும் 1981-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மோனோவில் கேட்கும்போது அந்த விரிவு குறையும். வீணை முழுதாக இருக்கும். எதைச் செய்தாலும், மிக்ஸ் முடியும்வரை காத்திராமல், அவ்வப்போது மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். தேநீர்க் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் உங்கள் பாட்டு பெரும்பாலும் மோனோவாகத்தான் ஒலிக்கும்.

கேள்வி: வீட்டில் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனை மட்டும் நம்பி மிக்ஸ் செய்யலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: செய்யலாம், அது காட்டும் பொய்களைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். தலையின் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி மறு காதை அடைய அதிகபட்சம் 0.65 மில்லி விநாடி அளவே தாமதிக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் இந்தத் தாமதத்தையும், உயர்ந்த அதிர்வெண்களில் தலையின் நிழலால் குறையும் வலிமையையும் கொண்டு நாம் திசையறிகிறோம் என்பதை இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இலேயே விளக்கினார். ஸ்பீக்கரில் இட ஸ்பீக்கரின் ஒலி வலக் காதுக்கும் சிறிது தாமதித்துப் போகிறது. ஹெட்ஃபோனில் அது நடப்பதே இல்லை. ஆகவே முழுவதும் இடப்பக்கம் தள்ளிய கருவி, மேடையின் ஓரத்தில் நிற்காமல், கேட்பவரின் காதில் ஒட்டிக்கொண்டு பேசுகிறது. முக்கியமான கருவிகளை ஓரத்துக்குக் கொண்டுபோகாமல், ஒலியை இட வலமாக நகர்த்தும் பேன் குமிழில் மூன்றில் இரண்டு பங்கு அளவோடு நிறுத்துங்கள். ஒரு பக்கத்தின் ஒலியைச் சிறிது மறு காதுக்கும் கலந்து தரும் கிராஸ்ஃபீட் பிளக்-இன் இருந்தால் சரிபார்க்க மட்டும் அதைப் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: ஹெட்ஃபோனில் உங்கள் அறையின் ஒலி குறுக்கிடாததால் ரிவெர்பின் வால் நுனிவரை தெளிவாகக் கேட்கும். அதனால் போதும் என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள். பிறகு ஒரு வரவேற்பறை ஸ்பீக்கரில் அதே பாட்டு வறண்டு கேட்கும். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்து, கைபேசியிலோ நண்பரின் காரிலோ ஒருமுறை கேட்டுவிட்டு ரிவெர்ப் ஃபேடரின் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியின்) நிலையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தம்புராவுக்கு எவ்வளவு ரிவெர்ப் வைப்பது? (மேற்கு மாம்பலம் வாசகி)

பதில்: வேண்டியதில்லை. ஒலி தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் கூடம் காதுக்குத் தெரிகிறது. இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவில் ரிவெர்ப் மங்கலை மட்டுமே சேர்க்கும். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னே இருபுறமும் இரண்டு தம்புராக்கள் வைப்பதுபோல, தனித்தனியாகப் பதிந்த இரண்டை இடமும் வலமுமாக வையுங்கள். சுருதி துல்லியமாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டே ஸ்பீக்கரில் ஒலி மேலிருந்து வருவதுபோல் செய்ய முடியுமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: ஓரளவுதான் முடியும். உயரத்தை நாம் அறிவது செவிமடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் செய்யும் மாற்றங்களால். 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஓங்கியிருந்தால் ஒலி மேலே இருப்பதுபோல் தோன்றும் என்பது ஒலியியல் ஆய்வாளர் பிளாவர்ட்டின் ஆய்வு. மணி, சலங்கை போன்றவற்றில் இதைக் கையாளலாம். செவிமடல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பாட்டின் முக்கியமான ஒன்றை இதன்மேல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாகஸ்வரத்தைக் கோயில் மண்டபத்தில் வாசிப்பதுபோல் கேட்கச் செய்ய, பெரிய தேவாலய ரிவெர்பைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டால் நம் கோயிலாக இல்லை. எங்கே தவறு? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், நம் இசைக்கு நம் கட்டடங்களின் ஒலி வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன்.

தேவாலயமும் மண்டபமும் கல்லால் ஆனவைதான். வேறுபாடு சுவரில் இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த வாலஸ் சேபின் 1890-களில் வகுத்த சூத்திரத்தின்படி, கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் ரிவெர்ப் நேரம் விநாடியில் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கல் மண்டபத்தின் கன அளவு 1,500 கனமீட்டர். மேற்பரப்பு 950 சதுரமீட்டர். கல் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால், நான்கு புறமும் மூடியிருக்கும்போது ரிவெர்ப் நேரம் எட்டரை விநாடி. ஆனால் நம் மண்டபங்கள் பெரும்பாலும் பக்கம் திறந்தவை. வெளியே போகும் ஒலி திரும்பி வராது. சேபின் திறந்த சன்னலைத்தான் உறிஞ்சலுக்கு முழு அளவாக வைத்துக்கொண்டார். அதே மண்டபத்தில் 60 சதுரமீட்டர் திறப்பு இருந்தால் நேரம் 2.8 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. அதோடு தூண்கள் ஒலியைப் பல திசைகளில் சிதறடிப்பதால், முதல் திரும்பொலிகள் அடர்ந்து விரைவாக வருகின்றன. தாழ்ந்த கூரை அவற்றை இன்னும் அருகே கொண்டுவருகிறது.

ஆகவே தேவாலய ரிவெர்பை விட்டுவிட்டு, இரண்டரை முதல் மூன்று விநாடிக்குள், முதல் திரும்பொலிகள் வலுத்த, ப்ரீ-டிலே 10 மில்லி விநாடியைத் தாண்டாத ஒன்றை அமையுங்கள். முடிந்தால் நிர்வாகத்தின் அனுமதி பெற்று, கூட்டமில்லாத வேளையில் ஒரு மண்டபத்தில் பலூனை வெடித்து, அந்த முழக்கத்தை இரண்டு மைக்குகளால் பதிவு செய்துவாருங்கள். பதிவான ஒரு முழக்கத்தைக் கொண்டு அந்த இடத்தின் ரிவெர்பை உருவாக்கும் கன்வல்யூஷன் ரிவெர்ப் பிளக்-இன்னில் அதை ஏற்றினால் அந்த மண்டபமே உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

நீங்கள் மனத்தில் வைத்திருப்பது மண்டபமா, மாடவீதிப் புறப்பாடா என்பதையும் எண்ணிப் பாருங்கள். வீதியில் கூரையே இல்லை; அங்கே ரிவெர்புக்குப் பதில் தனித்தனித் திரும்பொலிகள்தான். 12 மீட்டர் அகல வீதியின் நடுவே வாசித்தால், இருபுற வீட்டுச் சுவர்களிலிருந்தும் ஒலி 34 மில்லி விநாடியில் திரும்பும். இடப்பக்கத்துக்கு 31, வலப்பக்கத்துக்கு 38 மில்லி விநாடி என்று, ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் இரண்டு டிலேக்களை மெல்லிய அளவில் வையுங்கள். 40 மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்திலிருந்து வருவதற்கு மூன்றாவதாக 230 மில்லி விநாடி டிலே ஒன்றை, மேல் அதிர்வெண்களை வெட்டி, நடுவில் வையுங்கள். தவிலுக்கும் இதே மூன்றையே அனுப்புங்கள். தனி ரிவெர்ப் எதுவும் அதற்கு வைக்காதீர்கள்.